ஒற்றை ஆள் தூக்குகிற ஜெனரேட்டர்

ஜெனரேட்டர் வாங்கப் போன கடையில் நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டையை அந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. நான் சத்தமாகப் பேசுகிறவள்தான். ஒரு காலம் முழுக்க சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளை அதட்டி வரிசையில் உட்கார வைத்துச் சோறு போட்டவளுக்கு மெதுவான பேச்சு எங்கிருந்து வரும்?

அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டியவர். மரத்தூளும் பெயிண்ட் புகையும் நெஞ்சில் போய் உட்கார்ந்து, கடைசியில் மனுஷனை ஆக்ஸிஜன் மெஷினோடு கட்டிப்போட்டுவிட்டன. அது கரண்டில் ஓடுவது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து ஒரு மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். பகலில் கொஞ்ச நேரம் அது இல்லாமல் சமாளித்துவிடுவார். குளிர் பட்டாலோ நாலடி நடந்தாலோ முடியாது. அதற்காகச் சும்மா இருந்தாரா? ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, அலமாரி என்று வைத்து அதையே ஒரு வீடாக்கிவிட்டார். நாலு ஆணி அடிப்பார், உட்கார்ந்து மூச்சு வாங்குவார், எழுந்து மறுபடியும் அடிப்பார். முதல் பயணம் கொல்லிமலைக்கு என்று அவரே முடிவு செய்தார். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், மெஷின் நிற்கக் கூடாது. அதற்குத்தான் ஜெனரேட்டர்.

எனக்குப் பிடித்தது பெரியது. சாவியைத் திருகினால் ஓடும், தள்ளிக்கொண்டு போகச் சக்கரம் உண்டு, மிக்ஸியும் போடலாம். கடைக்காரர் அதை ஓட்டிக் காட்டியபோது பேச்சு காதில் விழவில்லை, அப்படி ஒரு இரைச்சல். இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் பெட்டி போல மூடிக் கிடந்த சின்னதைக் காட்டித் தூக்கச் சொன்னார். தூக்கினேன். கயிற்றை இழுத்து ஓட்டச் சொன்னார். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு இழுத்தேன். ஓடியது, சத்தமே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை, கடைக்காரர் பதறப் பதற, இவர் ஒரு கட்டையால் ஒரு பக்கமாக நெம்பினார். அது பொசுக்கென்று நின்று, சிவப்பு விளக்கு எரிந்தது.

“பாத்துக்க புள்ள. சாஞ்சா நின்னுரும். எண்ணெய் இருந்தாலும் இல்லேன்னு சிவப்பு லைட்டப் போடும். மட்டமா வெச்சாத்தான் ஓடும்.”

நேராக வைத்துவிட்டு மறுபடியும் என்னையே இழுக்கச் சொன்னார். வந்தவர் போனவரெல்லாம் நின்று பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வேன் ஓட்ட உங்கள் தம்பி வரப்போகிறார், தூக்கி வைக்க அவர் இருக்கிறார், நான் எதற்கு இந்த வித்தையெல்லாம் காட்ட வேண்டும் என்று கத்தினேன்.

“ஒத்தையா நீயே தூக்கோணும், நீயே ஓட்டோணும். அப்படியாப்பட்டதுதான் வேணும்” என்றார்.

எதற்கு ஒற்றையாக என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலைக் காதால் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அதனால் மிக்ஸிக்காகச் சண்டை போட்டேன். கடைசியில் சின்னதுதான் வேனில் ஏறியது.

போன மார்கழியில் கிளம்பினோம். பேளுக்குறிச்சி தாண்டும்வரை மனுஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். எழுபது வளைவு ஏறுவதற்குள் குளிரிலும் குலுக்கலிலும் முகம் வெளுத்துவிட்டது. ஆக்ஸிஜன் மெஷின் வேன் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தும் போதவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை வழியிலேயே திறக்க வேண்டியதாயிற்று. மலைமேல் எடப்புளி நாடு என்கிற பகுதியில், தெரிந்தவர் ஒருவர் சொல்லிவைத்திருந்த காட்டோரம் வண்டியை நிறுத்தியபோது சிலிண்டரில் பாதிகூட இல்லை. பேட்டரியும் இறங்கிவிட்டது. நான் ஜெனரேட்டரை இறக்கி, புகை உள்ளே வராதபடி வேனை விட்டுத் தள்ளி, மரவள்ளி பிடுங்கிய வெறுங்காட்டில் வைத்து ஓட்டினேன். அங்கிருந்து ஒரு நீள ஒயர் வேனுக்குள் போயிற்று. எல்லாம் ஒழுங்காக ஓடியது. சோளக்காடு ஊர்ச் சந்தைக்குப் போய் மிளகும் வாழைப்பழமும் வாங்கி வருகிறேன் என்று கொழுந்தனார் பஸ் ஏறினார்.

சோறு கொதிக்கும்போது ஜெனரேட்டர் நின்றது. நின்ற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆக்ஸிஜன் மெஷின் கூவென்று கத்தியதும்தான் திரும்பினேன். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் ஊன்றியிருந்தார். குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் மாட்டினேன். சிலிண்டர் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கொழுந்தனாருக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. எனக்கு வேன் ஓட்டத் தெரியாது.

அந்த நிலத்துக்குச் சொந்தக்காரியான காட்டுக்காரப் பெண் என் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இல்லீங்க அக்கா. காத்துல மரம் சாஞ்சு கம்பி அந்துபோச்சு. ஊட்டுல காலையிலிருந்தே இல்லீங்க.”

அவளை அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். முள் இன்னும் இறங்கினால் கூப்பிடச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பத்தடி தள்ளி எதுவும் தெரியாத பனிமூட்டம். ஜெனரேட்டரில் சிவப்பு விளக்கு. கயிற்றை இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். கிர்ரென்று சுற்றியதே தவிரப் பற்றவில்லை. பாழாய்ப் போன சனியனே, பெரியதை வாங்குங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்று அதைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், மலையைத் திட்டினேன். ஓர் உதைகூட விட்டேன்.

உதைத்ததும்தான் கண்ணில் பட்டது. ஈர மண்ணில் அதிர்ந்து அதிர்ந்து, மெஷினின் ஒரு பக்கத்துக் கால் இரண்டும் புதைந்திருந்தன. கடையில் அவர் நெம்பிக் காட்டிய அதே சாய்வு. சாய்ந்தால் நின்றுவிடும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாரே. கோபத்தில் நான் காதில் வாங்கவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வேன் ஏறுவதற்கு அவர் செய்துவைத்திருந்த படிப்பலகையை இழுத்து வந்தேன். மெஷினுக்குப் பக்கத்தில், தாழ்ந்த ஓரத்தில் இரண்டு கல்லை மிதித்து இறக்கி, மேலே பலகையைப் போட்டேன். மட்டமா இல்லையா என்று எனக்குக் கண்ணால் சொல்லத் தெரியாது. சோற்றுத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பலகையில் வைத்தேன். தண்ணீர் ஒரு பக்கமாக ஓடியது. இன்னொரு சில்லுக் கல்லைச் செருகினேன்.

“அக்கா, முள்ளு ரொம்ப கீழ போவுதுங்க” என்று அவள் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

தட்டில் தண்ணீர் பரவி நின்றது. மெஷினைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். ஒற்றையாகத்தான் தூக்கினேன். பலகையில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். பற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தோள்பட்டை கழன்றாலும் பரவாயில்லை என்று இழுத்தேன். பற்றிக்கொண்டது.

உள்ளே ஓடிக் குழாயை மாற்றி மாட்டினேன். உதட்டில் ஏறியிருந்த நீலம் இறங்க வெகுநேரம் பிடித்தது. நான் அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். காட்டுக்காரப் பெண் அடுப்பை அணைத்து, குழைந்துபோன சோற்றை இறக்கி வைத்துவிட்டு, கஞ்சி காய்ச்சிக் கொண்டு வாரேன் என்று போனாள். அவருக்குப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது யார் தூக்கியது என்றுதான். நான்தான் என்றேன். கயிறும் நீயேதான் இழுத்தாயா என்றார். ஆமாம் என்றேன். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“அப்பச் சரி. இனி எனக்குக் கவலையில்ல புள்ள. நானில்லாட்டியும் இந்த வண்டிய எடுத்துட்டு நீ பாட்டுக்கு ஊரு ஊராப் போலாம்.”

நான் கடையில் கேட்காமல் விட்டதற்கு, மலை உச்சியில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“நா எதுக்குங்க ஒத்தையாப் போறேன்? எனக்கென்ன மூச்சு வாங்குதா? நீங்க இல்லாம இந்த மெஷின வெச்சுட்டு நா என்ன பண்றது?”

நான் இறங்கிப் போய் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி மூடியைத் தொட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை. அந்தப் பெரிய மெஷினாக இருந்திருந்தால் அது போடும் இரைச்சலில் நான் ஒப்பாரி வைத்தாலும் ஒரு காதுக்கும் எட்டியிருக்காது. இது பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

வேன் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

“புள்ள” என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்தப் பெருசையே வாங்கியிருக்கலாம்.”

“இப்பச் சொல்லுங்க” என்றேன். மூக்கைச் சிந்திவிட்டு, குளிர் உள்ளே போகிறது, ஜன்னலை மூடுங்கள் என்று அதட்டினேன்.