முந்திக் கொடுத்த முடி

குழந்தைகள் நலக் குழுவில் குறிப்பெழுதும் வேலை எனக்கு. நாமக்கல்லில் செவ்வாய்தோறும் விசாரணை. பிரித்து வைத்த குழந்தை யாரிடம் போக வேண்டும் என்று அங்கே முடிவு செய்வோம். செய்வோம் என்று என்னையும் சேர்த்துக்கொள்வது திமிர்தான். நான் எழுதுகிறவன், அவ்வளவே.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒருத்தியின் வழக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தான். தறி பெல்ட்டில் கையைக் கொடுத்துவிடக் கூடாதே என்று இரண்டு வயது மகளைச் சேலைத் துணியால் பட்டறைத் தூணில் கட்டி வைத்திருந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து அனுப்ப, குழந்தை காப்பகத்துக்குப் போனது. பேன் என்று சொல்லி அங்கே மாதாமாதம் மொட்டையடித்தார்கள்.

ஐந்து மாதம் நடையாய் நடந்தாள். ஒருநாள் வராண்டாவில் என்னை மறித்தாள். தொல்லை விட்டால் போதும் என்று, "முடிஞ்ச மாதிரிதாம்மா. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றேன். அப்படி எதுவும் முடிந்திருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி வந்தாள். காரியம் கைகூடிய பிறகுதான் முடி இறக்குவார்கள். என் பேச்சை நம்பி, கூடிவிட்டதென்றே குலசாமிக்குச் செலுத்தியிருந்தாள்.

குழந்தையை அறையின் நடுவில் இறக்கிவிட்டு, அது யாரிடம் போகிறது என்று பார்ப்பது எங்கள் குழுவின் வழக்கம். முடியில்லாத மகளை அவள் பார்த்த நொடியே அடையாளம் கண்டுகொண்டாள்.

"சாமி, அம்மா வந்துட்டேன் சாமி" என்று கை நீட்டினாள்.

குழந்தை அந்தத் தலையைப் பார்த்து வீறிட்டு, காப்பக ஆயாவின் காலைக் கட்டிக்கொண்டது.

தாயைக் கண்டு குழந்தை அஞ்சுகிறது என்று எழுதச் சொன்னார் தலைவர். மொட்டைதான் காரணம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், முடிவாகுமுன் ஏன் மொட்டையடித்துக்கொண்டாள் என்ற கேள்வி என்னிடம்தான் வந்து நிற்கும். பயந்துகொண்டு எழுதிவிட்டேன். விசாரணையை மூன்று மாதம் தள்ளி வைத்தார்கள்.

வெளியே அவள் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். என்மேல் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏனுங்க, மூணு மாசத்துல எவ்வளவுங்க மொளைக்கும்? எம் பின்னலப் புடிச்சுட்டுத்தானுங்க அவ தூங்குவா."

இரண்டு விரல்கடை முளைக்கும். தெரியாதென்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.