டவர் இல்லாத போன்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். ராஜபாளையத்தில் பஞ்சாலை, திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் ஓட்டல். எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. சோறு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ஊர் திரும்பியதும் கடைகளில் கார்டு மெஷின் வைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஒரு மாதம் இரண்டு கடைக்காரர்கள் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று திரும்பி வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக்கடை அக்கா போனில் கூப்பிட்டார். "ஏலே தம்பி, ஒம் பெட்டிய வந்து தூக்கிட்டுப் போ. ஏமாத்துப் பெட்டி."

பஸ் பிடித்துப் போனேன். வத்திராயிருப்பிலிருந்து வந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் குக்கர் வாங்கியிருந்தார். போனை மெஷினில் காட்டினார், மெஷினும் பணம் வந்ததென்று சீட்டைத் துப்பிவிட்டது. ஆனாலும் நான் போனபோதும் குக்கர் பெட்டியின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அக்கா கையில்.

"இவரு போன்ல டவரே இல்ல. கார்டும் கையில இல்ல. காசு மட்டும் எப்படிலே வரும்?"

"பார்டர்ல நிக்கிறவன் ஒரு குக்கருக்காகவா பொய் சொல்லுவேன்?"

"பார்டர்ல நல்லா நில்லுங்க. இங்க காசக் குடுத்துட்டுப் போங்க."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. கடையில் ஒட்டி வைத்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து பணம் அனுப்பப் போனில் டவர் வேண்டும். அவர் பார்த்துப் பழகியது அது. பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே சொன்னேன். "கார்டு கிளவுடுல இருக்குக்கா."

"கிளவுடுன்னா?"

"மேகம்."

அக்கா வாசலுக்கு வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணையும் காணுமேலே. வெயிலுதான் மண்டையப் பொளக்குது."

பட்டாளத்துக்காரரே சிரித்துவிட்டார். சட்டென்று பஞ்சாலைச் சாப்பாடு நினைவுக்கு வந்தது.

"அக்கா, மில்லு ஆபீசுல சாப்பாட்டு டோக்கன் நாலஞ்சு முன்னாடியே வாங்கி வச்சிக்கிடுவோம். பொறவு ஆபீசு பூட்டிக் கெடந்தாலும் கேண்டீன்ல சோறு உண்டு. அது மாதிரிதான். இவரு கார்டு பேங்க் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. போன்ல டவர் இருந்தப்பவே அங்கருந்து டோக்கன் வந்துருச்சு. அதுல ஒண்ண இப்பக் குடுத்துட்டாரு. ஒண்ணு ஒரு தடவைக்குத்தான் செல்லும். அது செல்லுமான்னு பேங்க்ல கேக்கது நம்ம பெட்டி. அதுக்குள்ள தனி சிம்மு இருக்கு, டவரும் இருக்கு, பாருங்க."

அக்கா மெஷினைத் திருப்பிப் பார்த்தார். "டோக்கன் தீந்துட்டா?"

"டவர் கெடைக்கிற எடத்துக்குப் போனா அதுவா வந்துரும்."

அக்கா குக்கரை விட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? மேகம் கீகம்னுட்டு. பெட்டி இங்கனயே கெடக்கட்டும்."

அக்கா நம்பர் விசாரித்து மேலாளரிடமும் பேசி, நான் விளக்கியதைச் சொல்லியிருக்கிறார். மறுவாரம் ராஜபாளையம் ஆபீசில், இதைச் சொல்லித்தரச் சொல்லி, புதிதாகச் சேர்ந்த பட்டதாரிகள் முன்னால் என்னை நிறுத்தினார்கள். கையில் மார்க்கரைக் கொடுத்தார்கள். கிளவுடுக்கு ஆங்கிலத்தில் எந்தெந்த எழுத்து என்று எனக்கு உறுதியில்லை. பலகை நிறைய, தமிழில், 'டோக்கன்' என்று எழுதினேன். எல்லோரும் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டார்கள்.