பால்காரி தொட்ட தோள்

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். அப்போது நான் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஒருவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் மற்றவரிடம் சொல்வதே நேர்மை என்று நம்பியிருந்தேன்.

மாமூல் தர மறுத்த மாட்டுக்காரர் ஒருவரை ஒரு கும்பல் பட்டப்பகலில் குத்திக் கொன்றது. அதைக் கண்ணால் கண்டவள் அவர் மனைவி, பால்காரி செல்லம்மா. பிடித்து வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, கொலைகாரன் தோளைத் தொடும்படி அவளிடம் சொன்னோம்.

அவள் வரிசையைக் கடந்து போய், வாசலில் நின்ற தலைமைக் காவலரின் தோளைத் தொட்டாள்.

"குத்துனவங்க இங்க யாருமில்லீங்க. யாரும் வராம சந்துமுனையில காவல் நின்னது இவருதான்."

தலைமைக் காவலர் சிரித்தார். "பால்ல தண்ணி ஊத்துறவ பேச்சை நம்புறீங்களா?"

"தண்ணிதான் ஊத்துவேன், பொய் ஊத்த மாட்டேன்."

எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை தலைமைக் காவலரைப் பார்த்தார். பிறகு, வரிசையைப் பார்த்து அவளை மறுபடியும் நடக்கச் சொல் என்றார். சொன்னேன்.

"எத்தனை தடவை நடந்தாலும் அவரு அங்கதானே நிக்கிறாரு, ஐயா?"

சாட்சி யாரையும் அடையாளம் காட்டவில்லை, வழக்கு முடிந்தது என்று அவளிடம் சொல்லச் சொன்னார் துரை. ஒரு சொல் பிசகாமல் நல்ல தமிழில் சொன்னேன்.

செல்லம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "இதைச் சொல்றது நீங்களா, துரையா?"

"துரைதான்."

"வாய் உங்களுதாச்சே, ஐயா."

அந்த வேலையை நான் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னை நேர்மையானவன் என்று யார் புகழ்ந்தாலும், தலையாட்ட முடிவதில்லை.