தும்பிக்கை போட்ட லை

உண்ணாமலைக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். குந்தணும். நகை நட்டு, பட்டுப்புடவை, மெத்தை வீடு எதையும் அவள் கேட்கவில்லை. தலைக்கு மேலே ஒரு தகரம், அதன் கீழே ஒரு முக்காலி, முன்னால் அவித்த மல்லாட்டைக் கூடை, அதாவது வேர்க்கடலைக் கூடை. ஆள் தன்னைத் தேடி வரணும், தான் ஆளைத் தேடி ஓடக்கூடாது. இதைப் போய்ப் பேராசை என்று எவனாவது சொன்னால் அவன் வாயில் மண்ணைத்தான் போடணும்.

அவள் ஓடிய ஓட்டம் அப்படி. அடி அண்ணாமலையில் விடியுமுன்னே மல்லாட்டையை அவித்துக் கூடையில் கொட்டி, தலையில் தூக்கிக்கொண்டு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருவாள். வேலூர் வண்டி வந்தால் அந்தக் கோடிக்கு ஓட்டம், செங்கம் வண்டி வந்தால் இந்தக் கோடிக்கு ஓட்டம். ஆழாக்கு நாலணா. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காசைத் தேடுகிற மகராசன்கள் சில பேர் உண்டு. கண்டக்டர் விசில் அடித்துவிடுவார், இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட ஓடுவாள். ராத்திரி பாயில் படுத்தால்கூடக் கால் சும்மா இருக்காது, தூக்கத்திலேயே எந்த வண்டியையோ துரத்தும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சொசைட்டி இருந்தது. சின்ன வியாபாரிகளுக்கான சிக்கன நாணயச் சங்கம். ஒரே அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு செக்ரட்டரி. செக்ரட்டரி கோதண்டராமன் வாய் நிறைய வெற்றிலையும் மனசு நிறையப் பிரியமுமாக இருப்பார்.

"பேங்க்ல போட்டா நீ கஸ்டமரு. இங்க பத்து ரூபா பங்கு போட்டா நீயே முதலாளி. யோசிச்சுக்கம்மா" என்றார்.

முதலாளி என்ற வார்த்தை யாருக்குத்தான் இனிக்காது? எழுபத்து மூணாம் வருஷம் சேர்ந்தாள். அஞ்சு பைசாவும் பத்து பைசாவுமாக முந்தானையில் முடிந்து கொண்டுபோய்க் கொட்டினால் அவர் முகம் சுளிக்க மாட்டார். "வா, மகாலட்சுமி" என்பார். மூணு வருஷத்தில் முந்நூற்று இருபது ரூபாய் சேர்ந்தது.

பஸ் ஸ்டாண்டு வாசலில் ஜோதியம்மாளுக்குச் சொந்தமாக அஞ்சு தகரக் கடைகள். அதில் ஒன்று காலியானது. முந்நூறு அட்வான்ஸ் என்றாள் ஜோதியம்மாள். உண்ணாமலைக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே சொசைட்டிக்குப் போனாள்.

கோதண்டராமன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "உன் வூட்டுக்காரர் முந்தாநாளே வாங்கிட்டுப் போய்ட்டாரேம்மா. ஊர்ல பாரதம் வச்சிருக்கு, கூத்து ஜமாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும், நீதான் அனுப்பினேன்னாரு."

"நான் அனுப்பலியே! கையெழுத்து?"

"அட, நம்ம சின்னசாமிகிட்ட கையெழுத்து இன்னா கேக்கறது? ஆள் தெரியாதா நமக்கு?"

சின்னசாமி குடிகாரன் இல்லை, சூதாடி இல்லை, அவளை ஒரு அடி அடித்தவன் இல்லை. அதுதான் கஷ்டம், திட்டுவதற்கு வாகாக ஒரு குறையும் கிடையாது. ஊர்க் காரியம் என்றால் உருகிப் போவான், அவ்வளவுதான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யே பெண்டாட்டியுடையது. கூத்துப் பாட்டு அத்தனையும் மனப்பாடம், தன் பேரை எழுதச் சொன்னால் மட்டும் கட்டைவிரலை நீட்டுவான்.

அர்ச்சுனன் தபசு அன்றைக்கு அவளும் போனாள். அர்ச்சுனன் வேஷக்காரன் உயரமான மரத்தில் ஒவ்வொரு படியாக ஏற, மைக்கில் காசு கொடுத்தவர்கள் பேர் வாசித்தார்கள். 'சின்னசாமி அவர்கள் ரூபாய் முந்நூற்று இருபது!' சின்னசாமி கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அர்ச்சுனன் ஏறிட்டான். நான்தான் எறங்கிட்டேன்" என்றாள் உண்ணாமலை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகுமா? பேங்க்குக்குப் போக முடிவு செய்தாள். ஆனால் பேங்க்கில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் இவளைத் தெரியும் என்று கையெழுத்துப் போடணுமாம். செங்கம் வண்டிக் கண்டக்டர் இராமலிங்கத்துக்குக் கணக்கு இருந்தது. சில்லறைக்கு அவர் தினம் இவளிடம்தான் வருவார். மறுபேச்சில்லாமல் வந்து போட்டார்.

"கையெழுத்தா, கைநாட்டா?" என்றார் பேங்க் குமாஸ்தா.

"கையெழுத்து!" என்றாள், பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி. மூணாங்கிளாஸ் வரை படித்தவள் இல்லையா? நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். அப்போதெல்லாம் பழைய எழுத்து. ணாவுக்குத் தனிக் கால் கிடையாது, ணவின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழித்துக்கொண்டு போகும். லைக்கு முன்னால் கொம்பு கிடையாது, லவின் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. அந்த எழுத்தில் ஒரு உண்ணாமலை பேங்க்கின் கையெழுத்து அட்டையில் ஏறி உட்கார்ந்தாள்.

பேங்க் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. யாரும் வா என்று சொல்ல மாட்டார்கள். சில்லறையைப் பார்த்தால், "ஐம்பது ஐம்பதாக் கட்டி எடுத்துட்டு வாம்மா" என்று எரிந்து விழுவார்கள். சொசைட்டியில் காசு போனால் எடுத்தவன் யார் என்றாவது தெரியும், இங்கே போனால் யார் சட்டையைப் பிடிப்பது? பாஸ்புக்கை அரிசிப் பானையில் ஒளிப்பாள். மறுநாள் கூரை இடுக்குக்கு மாற்றுவாள். அதற்கு மறுநாள் எங்கே வைத்தோம் என்று தெரியாமல் வீட்டையே புரட்டுவாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வேதாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. பேங்க் பூட்டிக் கிடந்தது. கோதண்டராமன்தான் வீட்டிலிருந்து வந்து சொசைட்டியைத் திறந்து அம்பது ரூபாய் கொடுத்தார். வட்டிகூட ஜாஸ்தி வாங்கவில்லை. நல்ல மனுஷன் ஐயா! திரும்ப அங்கேயே போய்விடலாமா என்று ஒரு வாரம் அலைபாய்ந்தாள். மைக்கில் கேட்ட பேர் ஞாபகம் வந்தது, போகவில்லை. ஆனாலும் எட்டு வருஷமாகப் பேங்க்கில் போட்டாளே தவிர, எடுக்கக் கையை நீட்டியதில்லை.

இதற்கிடையில் சர்க்கார் எழுத்தை மாற்றிவிட்டது. வேதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "ஐய, இது இன்னாமா லை? தும்பிக்கையெல்லாம் போட்டுக்கிட்டு! டீச்சர் பாத்தா சிரிப்பாங்க" என்றாள். புது ணாவும் புது லையும் எழுதிக் காட்டினாள். மாசா மாசம் மகளின் ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுப் போட்டு உண்ணாமலையின் கை புது எழுத்துக்குப் பழகிவிட்டது. தும்பிக்கை மறந்தே போனது.

எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில் அதே தகரக் கடை திரும்பக் காலியானது.

"இப்ப ஆயிரத்தைந்நூறு. உனக்காகத்தான் சொல்றேன். மூணு மணிக்குள்ள கொண்டாந்தா உனக்கு, இல்லாட்டி டீக்கடைக்காரருக்கு" என்றாள் ஜோதியம்மாள்.

பாஸ்புக்கில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது இருந்தது. பன்னிரண்டரைக்கு உண்ணாமலை பேங்க்கில் நின்றாள். பணம் எடுக்கிற சீட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

புதுசாக வந்திருந்த குமாஸ்தா அட்டையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார். "இது உண்ணாமலை கையெழுத்து இல்லம்மா."

"நான்தான் சார் உண்ணாமலை! உங்க கண்ணெதிர்லதானே போட்டேன்?"

"எழுத்து ஒத்து வரலை. இதுல இருக்கறது பழைய எழுத்து. அதே மாதிரி போடுங்க. இல்லாட்டி உங்களை அறிமுகம் பண்ணவரைக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு மணிக்கு கவுண்டர் மூடிடுவோம்."

போட்டுப் பார்த்தாள். தும்பிக்கை தலைக்குப் போகாமல் வாலுக்குப் போனது. இன்னொன்று போட்டாள், அது யானையுமில்லை, எழுத்துமில்லை. மூணாவது சீட்டைக் கசக்கிப் போட்டாள். என் காசு, என் பேர், என் கை; மூணும் ஒண்ணை ஒண்ணு தெரியாதென்று சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது? ஒரு மணி அடித்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஒண்ணே காலுக்குச் செங்கம் வண்டி வரும், இராமலிங்கத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். வழியில் சொசைட்டி வாசலில் கோதண்டராமன் நின்றிருந்தார். இவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து நிறுத்தி விசாரித்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இவ்ளோதானா? ஆயிரத்தைந்நூறு இப்பவே தரேன். கையெழுத்தும் வேணாம், கால் எழுத்தும் வேணாம். சின்னசாமியும் இப்ப மெம்பர்தானே, கடனை அவர் பேர்ல எழுதிக்கலாம். கடையும் அவர் பேர்லயே இருந்துட்டுப் போவட்டும், புருஷன் பேரு பொண்டாட்டி பேரு இன்னா வித்தியாசம்?" நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "குந்தும்மா, குந்து."

குந்து! பதினோரு வருஷத்தில் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். முழங்கால் இரண்டும் தானாக மடங்கப் பார்த்தன. அவர் சொன்னதில் கள்ளம் இல்லை, அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் கடை சின்னசாமி பேரில் இருந்தால் அடுத்த பாரதத்துக்கு அர்ச்சுனன் எதன்மேல் ஏறுவான்?

"வேணாங்க ஐயா" என்றாள். நாற்காலியைத் தொடக்கூட இல்லை, ஓடினாள்.

செங்கம் வண்டி வந்திருந்தது. இராமலிங்கம் படியில் நின்றபடி கையைப் பிசைந்தார். "லேட்டா வந்திருக்கோம் உண்ணாமலை, அஞ்சு நிமிஷத்துல எடுத்துடணும். ஓனரே உள்ள குந்தியிருக்காரு. நான் எறங்கி வந்தா வேலை போயிடும்."

போச்சு! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை. ஆத்திரத்தில் உண்ணாமலை வண்டியின் முன்னால் போய் முகப்பில் பட்டென்று அறைந்தாள். அறைந்த கைக்கு நேர் மேலே போர்டு.

தினம் மூணு தடவை பார்த்த போர்டு. மற்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் புது எழுத்தில் மாற்றி எழுதிவிட்டார்கள். இந்த ஓனர் கஞ்சப் பிசினாறி, பெயிண்டருக்குக் காசு கொடுக்க மனசு வராமல் பழையதையே விட்டுவைத்திருந்தான். திருவண்ணாமலை. சுழித்துக்கொண்டு போகிற ணா. தும்பிக்கை தூக்கிய லை.

அவள் விரலை நீட்டிக் காற்றில் எழுதிப் பார்த்தாள். முன்னால் இருக்கிற 'திருவ'வை எடுத்துவிட்டு 'உ'வைப் போட்டால்?

"அடி ஆத்தா! என் பேரு இங்க இருக்குது!"

"அண்ணே, பென்சில் குடு!" என்று கத்தினாள். இராமலிங்கம் காதிலிருந்த பென்சிலைக் கொடுத்தார். மடியில் சொருகியிருந்த பொட்டலக் காகிதத்தை வண்டியின் முகப்பிலேயே வைத்து எழுதினாள். ஒரு தடவை, ரெண்டு தடவை, பத்துத் தடவை. டிரைவர் ஹாரன் அடித்தார். ஓனர் தலையை நீட்டித் திட்டினார். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் சிரித்தன. பதினோரு வருஷம் உங்க பின்னாடி நான் ஓடினேன்டா, இன்னிக்கு எனக்காக ரெண்டு நிமிஷம் நில்லுங்க என்று நினைத்தபடியே எழுதினாள். கை நன்றாகப் பழகிய பிறகுதான் விலகினாள்.

ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது பேங்க் வாசற்படியில் கால் வைத்தாள். குமாஸ்தா கவுண்டரை மூட எழுந்திருந்தார். சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒரே மூச்சில் எழுதி நீட்டினாள். அவர் அட்டையை எடுத்து வெகு நேரம் பார்த்தார்.

"இதுதாம்மா" என்றார். பித்தளை டோக்கனைக் கொடுத்தார்.

பணத்தை எண்ணி மடியில் கட்டும்போது அவர் கொஞ்சம் இரக்கப்பட்டு, "புதுக் கையெழுத்து போட்டுக் கொடுத்திடுங்களேன், அட்டையை மாத்திடறேன். ஒவ்வொரு தடவையும் இந்த அவஸ்தை எதுக்கு?" என்றார்.

உண்ணாமலை அவரையே பார்த்தாள். எனக்கே கொடுக்காத மனுஷன், வேற யாருக்குக் கொடுப்பான்?

"வேணாம் சார். அதே இருக்கட்டும். அந்த லை எங்க வூட்டுல வேற யாருக்கும் வராது."

ரெண்டரைக்கு ஜோதியம்மாள் ரசீது எழுத உட்கார்ந்தாள். "யார் பேர்ல எழுதட்டும்? சின்னசாமின்னு போட்டுடவா?"

"உண்ணாமலைன்னு எழுதுக்கா."

மறுநாள் தகரத்துக்குக் கீழே முக்காலி போட்டுக் குந்தினாள். குந்தினாள் என்று பேர். வேலூர் வண்டி ஹாரன் அடித்தால் எழுந்துவிடுவாள், போளூர் வண்டி வந்தால் கை கூடையைத் தேடும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கடைக்கு முன்னால் நிழலுக்குக் கொட்டகை போட வந்த சின்னசாமி பார்த்துப் பார்த்துச் சிரித்தான். "குந்துமே, உன் கடைதானே" என்றான். அவள் அவனை முறைத்தாள், ஆனாலும் உட்கார்ந்தாள்.

ஒண்ணே காலுக்குச் செங்கம் வண்டி உள்ளே நுழைந்தது. அவள் கால் துடித்தது. முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இராமலிங்கம் படியிலிருந்து இறங்கினார். வெயிலில் வண்டியைச் சுற்றிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, அவள் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஆழாக்கு மல்லாட்டை குடு, உண்ணாமலை."

அவள் எழுந்திருக்கவில்லை. குந்திய இடத்திலிருந்தே அளந்து போட்டாள்.