பதினோராவது பெட்டி

தவணைப் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையில் இருந்தபோது பைக்குள் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. இடைவேளையில் எடுத்துப் பார்த்தேன். இரத்தினபுரியிலிருந்து நிமல் ஏழு தடவை அழைத்திருந்தார். நிமல் மேடைகளில் கிட்டார் வாசிப்பவர். காரணமில்லாமல் யாரையும் இரண்டாம் தடவை அழைக்காதவர். நான் திரும்ப அழைத்ததும், "டீச்சர், அந்த ரெண்டு பெட்டிக்கும் இன்னும் பெயிண்ட் அடிக்கலையே" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அழுதார். காலையில் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சவரிமுத்து இனித் திரும்பி வரமாட்டார் என்பதை அந்த அழுகையிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

இந்த முப்பத்தோராம் நாள் மலரைக் கையில் எடுக்கும் எல்லோரும் அவரை ஏதோ ஒரு வகையில் அறிந்தவர்கள். தேயிலைத் தொழிற்சாலையின் மின்சார வேலைக்காரராகச் சிலருக்குத் தெரியும், ஞாயிறு பூசையில் கிட்டார் வாசிப்பவராகச் சிலருக்கு. நான் அவரோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். சாதாரண தரப் பரீட்சையோடு அவர் தொழிற்சாலைக்குப் போனார். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்துவிட்டு அதே பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகத் திரும்பினேன். அன்றிலிருந்து எனக்கு 'டீச்சர்' பட்டமும் 'வாங்க, போங்க'வும் வந்து சேர்ந்தன.

"என்ன சவரி, ஒரே வாங்குல இருந்தவதானே நானு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாங்கு ஒன்னுதாங்க. கணக்குல நீங்க பாஸு, நான் பெயிலு. மரியாதைய விட்டுற முடியுமா?" சிரிக்காமல் சொன்னார்.

அவர் செய்த முதல் கிட்டார் பெடலை நான் மதிக்கவில்லை. அது ஒரு பிஸ்கட் டின். கிட்டாரிலிருந்து வரும் வயர் ஒரு பக்கம் நுழைந்து, மறு பக்கம் ஒலிபெருக்கிக்குப் போனது. மேலே இருந்த பொத்தானைக் காலால் மிதித்தால் தெளிவான நாதம் கரகரத்து, தடித்து, நீண்டு ஒலிக்கும்.

"சத்தத்தைக் கெடுக்குற பெட்டிதானே இது?" என்றேன்.

"ஆமாங்க டீச்சர், கெடுக்கறதுதான். ஆனா எந்த அளவுக்குக் கெடுக்கணும், எங்க கைய எடுத்துறணும்னு ஒன்னு இருக்குல்ல?"

அலையின் உச்சி வெட்டுப்படும்போது ஒலி என்னவாகும் என்பதை நான் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அதைக் காதால் கேட்டு, வெட்டு எங்கே விழ வேண்டும் என்று தீர்மானித்த ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை. ஒரே உறையில் வந்த டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல வேலை செய்யாது. அவர் ஒவ்வொன்றாகப் பொருத்தி வாசித்துப் பார்த்துத் தரம் பிரித்து, சின்னச் சின்னப் போத்தல்களில் போட்டு வைப்பார். போத்தல்களின் மேல் தேயிலைத் தரங்களின் பெயர்கள்: பீஓபி, பெக்கோ, டஸ்ட். "டஸ்ட்டுன்னா மட்டம்னு நெனைக்காதீங்க. சாயம் அதுலதான் கூட. கிட்டார்ல காரமா கேக்குறவங்களுக்கு அதான் போடுவேன்" என்பார். அந்த வகைப்படுத்தலைக் குறைசொல்ல முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

பிஸ்கட் டின் போய் அலுமினியப் பெட்டி வந்தது. அதன் பிறகு மின்சுற்றுக்கு எடுத்த நேரத்தைவிடப் பெட்டியின் மேல்வேலைக்கு அதிக நேரம் எடுத்தார். விளிம்புகளை அரத்தால் ராவி, தண்ணீர் தொட்டு அரத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு, மூன்று தடவை நிறம், இடையிடையே மறுபடி தேய்ப்பு. பிறகு அவர் மனைவி பிலோமினா மெல்லிய தூரிகையால் திருப்பும் குமிழ்களுக்குக் கீழே 'ஒலி', 'கரகரப்பு' என்று தமிழில் எழுதுவார். அதற்கு மேல் கண்ணாடிபோன்ற லேக்கர் பூச்சு. பெட்டி செய்யச் சொன்ன நிமல், ஆங்கிலத்தில் எழுதினால் என்ன என்று தொடக்கத்தில் கேட்டதுண்டு. "உங்களுக்கு வாசிக்கத் தெரியாட்டி காதால கேட்டுத் திருப்புங்க" என்று பிலோமினா சொல்லிவிட்டார். கொழும்பு மேடை ஒன்றில், வெளிநாட்டில் வாசித்துத் திரும்பிய ஒரு கலைஞர் நிமலின் பெடலைக் கையில் எடுத்து, அடி மூடியைத் திருகிக் கழற்றி, வெகுநேரம் உள்ளே பார்த்திருந்துவிட்டு, இது எந்த நாட்டில் செய்தது என்று கேட்டாராம். நிமல் ஓடிவந்து இதைச் சொன்னபோது சவரிமுத்து கேட்டது ஒன்றுதான்: "உள்ள தொறந்து பாத்தாரா?" பார்த்தார் என்றதும், "அப்ப சரி" என்று ஈயம் பற்றவைக்கப் போய்விட்டார்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு ஒன்றைப் பற்றி.

நம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். அந்த ஈரத்தில் லேக்கர் பூசினால் பால் ஊற்றியதுபோல வெளுத்துப்போகும். அந்த வருடம் நிமலும் அவர் நண்பர்களும் பதினொரு பெடல்கள் கேட்டிருந்தார்கள். மழை மூன்று வாரமாக விடவில்லை. இரண்டு முறை பூசி, இரண்டு முறையும் வெளுத்து, சுரண்டி எடுத்திருந்தார். தொழிற்சாலையில் எப்போதும் உலர்ந்து கிடப்பது ஓர் இடம்தான்: தேயிலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடான காற்றை அனுப்பும் அடுப்பறை. ஒரு நாள் பதினொரு பெட்டிகளையும் பூசி, அங்கே கம்பியில் தொங்கவிட்டார். பூச்சு கண்ணாடியாகக் காய்ந்தது. மறுநாள் காலை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். யாரும் பார்க்கவில்லை.

தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். அன்று காலை தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் முதல் நாள் தூளை ஊற்றிச் சுவைத்துவிட்டுத் துப்பினார். ஒரு நாள் உற்பத்தி முழுவதும் பெயிண்ட் வாடை. அடுப்புக்கு விறகு போடும் ராமன் பழைய பெயிண்ட் பலகையை எரித்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ராமனை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது சவரிமுத்து வாசலில் நின்றிருந்தார்.

"டீச்சர், அந்த வாட ராமண்ணனால இல்லங்க. என்னால."

விஷயம் முழுவதையும் கேட்டேன். "யாருக்காச்சும் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது."

"அப்ப சும்மா இரு சவரி. வாட எங்கருந்து வந்துச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. ராமண்ணன ரெண்டு நாள்ல கூப்பிட்டுருவாங்க."

நான் சொன்னது இதுதான். நிரூபணம் இல்லாமல் எதையும் ஏற்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், அதே வாதத்தை அவர் தப்பித்துக்கொள்வதற்கு எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஏற்கவில்லை.

"அந்த அடுப்பறை ஃபேனுக்கு வயர் போட்டதே நான்தாங்க. அது காத்த எங்கருந்து இழுத்து எங்க விடுதுன்னு எனக்குத் தெரியாதா? பெட்டி காஞ்சா போதும்ங்கிற அவசரத்துல மறந்துட்டேன். இத நிரூபிக்க வேற ஆளு எதுக்கு?"

பெட்டிகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு நேரே தொழிற்சாலைக்குப் போய், டீமேக்கரின் சுவைபார்க்கும் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். டீமேக்கர் தொண்டை கட்டும்வரை சிங்களத்தில் திட்டினாராம். திட்டி முடித்து ஒரு பெட்டியை எடுத்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, "வேலை நன்றாகத்தான் இருக்கிறது. என் தேயிலைதான் நாசம்" என்றாராம். ராமனைத் திரும்பக் கூப்பிட அன்று மாலையே ஆள் போயிற்று. அந்த நாளின் தூள் எருக்குழிக்குப் போனது. சவரிமுத்துவுக்கு ஒரு மாதப் பணி இடைநிறுத்தம்.

"பெட்டிக்கு அடிச்சது பத்தாம தேயிலைக்கும் பெயிண்ட் அடிச்ச மனுசன் இந்த ஒலகத்துலயே இவரு ஒருத்தருதான் டீச்சர்" என்றார் பிலோமினா. நான் பார்க்கப் போனபோது அந்த மனுசன் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பெட்டிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்படியொரு பளபளப்பு அதற்கு முன்பு அவருக்கு வாய்த்ததே இல்லை. அதைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் சவரி? நல்லாத்தானே இருக்கு?"

"திருட்டுச் சூட்டுல காஞ்ச பெயிண்டுங்க இது. மேடை ஏறக் கூடாது."

அந்த மாதத்தில் ஒரு பழைய அலுமாரிக்குள் மின்குமிழும் சிறு விசிறியும் வைத்து, தன் பெட்டிகளுக்கென்றே ஓர் உலர்த்தும் அறை செய்தார். பத்துப் பெட்டிகளை மறுபடி பூசி அதில் காயவைத்தார். நிமலுக்கும் நண்பர்களுக்கும் மிகவும் தாமதமாகத்தான் கிடைத்தன. அவர்கள் இன்றும் அவற்றில்தான் வாசிக்கிறார்கள். பதினோராவதை மட்டும் சுரண்டவில்லை. சுற்று எதுவும் வைக்காத வெறும் பெட்டியாக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

"சும்மா இருக்கச் சொன்னீங்கல்ல? இது சும்மா இருக்குற பெட்டி. நீங்களே வச்சுக்கங்க."

எங்கள் வகுப்பிலிருந்து பட்டம் பெற்றவர்கள் உண்டு, பதவிக்குப் போனவர்கள் உண்டு. எந்த வாங்கில் படித்தேன் என்று யாரேனும் கேட்டால், சவரிமுத்து இருந்த வாங்கு என்பேன்.

போன வாரம் நிமலும் நானும் பிலோமினாவைப் பார்க்கப் போயிருந்தோம். மழை. சவரிமுத்து விட்டுப்போன இரண்டு பெடல்களும் மேசையில் வெறும் அலுமினியமாக இருந்தன. வரும் ஞாயிறு நினைவு நிகழ்ச்சியில் அவற்றில் வாசிக்க நிமலுக்கு ஆசை. "ஒரு கோட் அடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் காய்ந்துவிடும். தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார்.

பிலோமினா என்னைப் பார்த்தார்.

"நமக்குத் தெரியுமே நிமல். அலுமாரியில வச்சு ஒவ்வொரு கோட்டா காயட்டும். ஞாயித்துக்கிழமைக்கு உங்க பழைய பெடல் இருக்குல்ல?" என்றேன்.

பிலோமினா எழுந்துபோய் அரத்தாளைத் தண்ணீரில் ஊறப் போட்டார்.

பதினோராவது பெட்டி பள்ளிக்கூடத்தில் என் மேசைமேல் இருக்கிறது. கரும்பலகையில் எழுதும் வெண்கட்டிகளை அதற்குள் போட்டு வைக்கிறேன். மேலே ஒரு கீறல் இல்லை, ஒரு குமிழி இல்லை. இது என்ன என்று கேட்கும் பிள்ளைகளிடம், பிழையாகச் செய்த வேலை என்று சொல்வேன். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பிழை எங்கே என்று இதுவரை ஒருவராலும் காட்ட முடியவில்லை.