தேர்தல் நேரத்தில் ஒரு நடுவரின் கை

வார நாட்களில் புதுப்பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். விடுமுறை வந்தால் விசிலை மாட்டிக்கொண்டு கூடைப்பந்து நடுவராகிவிடுவேன். வீட்டில் இதை ஒரு வியாதியாகவே பாவிக்கிறார்கள்.

ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் ஒன்று முடியும்போது நடுவருக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நேரமும் புள்ளியும் கணக்கிடுபவர்களின் மேசையில் மணி அலறும். நடுவர் விசில் ஊதி, திறந்த உள்ளங்கையைத் தலைக்கு மேலே தூக்குவார். கடிகாரத்தோடு ஆட்டமும் நின்றது என்று அர்த்தம். மணி அடிக்கும் முன்பே பந்து வீரரின் கையை விட்டுக் கிளம்பி, பிறகு வளையத்தில் விழுந்தால் புள்ளி உண்டு. அதற்கு இரண்டு விரலை உயர்த்தி மணிக்கட்டிலிருந்து கீழே தாழ்த்த வேண்டும். புள்ளி இல்லையென்றால் மார்புக்கு முன்னால் இரு கைகளையும் கத்தரிபோல் குறுக்கே வீச வேண்டும். இவ்வளவுதான். இதற்குள் அரசியல் இருப்பது மதுராந்தகத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

தேர்தல் அறிவித்திருந்த நேரம். தலைவர்களின் சிலைகளுக்குத் துணி சுற்றிவிட்டார்கள். போட்டியை நடத்தியவர் அந்த ஊரில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். உள்ளூர் அணிக்கும் புதுப்பட்டினம் அணிக்கும் ஆட்டம். என்னுடன் இன்னொரு நடுவராக அச்சரப்பாக்கத்திலிருந்து ஓர் உடற்பயிற்சி ஆசிரியை வந்திருந்தார்.

முதல் கால்பகுதி முடிந்தது. மணி அடித்தது, ஊதினேன், கையைத் தூக்கினேன். கூட்டத்தின் ஒரு மூலை எழுந்து நின்று கைதட்டியது. என் தீர்ப்பு அவ்வளவு பிடித்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. எதிர் மூலையில் ஒருவர் போனை எடுத்தது கண்ணில் பட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

இடைவேளைக்குள் பறக்கும் படை ஜீப்பில் வந்து இறங்கியது: ஓர் அதிகாரி, ஒரு காவலர், வீடியோ எடுக்க ஒருவர். அவர்களிடம் பேசிவிட்டு பெயிண்ட் கடைக்காரர் வியர்க்க வியர்க்க என்னிடம் ஓடி வந்தார்.

“அண்ணாத்த, இன்னா பண்ணிட்ட நீ? கட்சி சின்னத்த காட்னன்னு கம்ப்ளைண்ட்டு வந்துகீது!”

“நான் கால்பகுதி முடிஞ்சதுன்னு காட்டினேன்.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவுங்களுக்கு அது கைதான? இனிமே கைய தூக்காத. வெறும் விசிலு போதும். வோணும்னா கையில துணி சுத்திக்கோ.”

ஆசிரியை தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்: “அடுத்த தேர்தலுக்கு ஒருத்தர் விசில் சின்னம் வாங்கினா என்ன பண்ணுவீங்க?” பெயிண்ட் கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார்.

எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊதினேன். ஜெனரேட்டர் இரைச்சலில் மணியும் சரியாகக் கேட்கவில்லை, விசிலும் கேட்கவில்லை. புதுப்பட்டினம் பையன்கள் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்கள். உள்ளூர்ப் பையன்கள் தனியாக ஓடிப்போய் பந்தைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் கைகளைக் கத்தரியாக வீசி அந்தப் புள்ளியை ரத்து செய்தேன். திட்டினார்கள், ஆனால் யாரும் புகார் செய்யவில்லை. குறுக்குக் கைகளை இன்னும் எந்தக் கட்சியும் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கடைசிக் கால்பகுதியில் உள்ளூர் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. வளையத்துக்குப் பக்கத்திலிருந்து புதுப்பட்டினம் பையன் ஒருவன் பந்தை எறிந்தான். அது அந்தரத்தில் இருக்கும்போதே மணி அலறியது. பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. மைதானமே என்னைப் பார்த்தது. வீடியோக்காரரும் கேமராவோடு நெருங்கி வந்தார்.

மேசையிலிருந்து ஒருவர் கத்தினார்: “இன்னா சார், உண்டா இல்லியா?”

“உண்டு!” என்று நானும் கத்தினேன். ஜெனரேட்டர் அதை விழுங்கிவிட்டது. கைகளை இன்னும் பின்னால்தான் கட்டியிருந்தேன். ஆசிரியை அருகில் வந்து சொன்னார்: “சின்னம் அவங்களோடது. கை உங்களோடது சார்.”

இரண்டு விரலையும் நன்றாக உயர்த்தித் தாழ்த்தினேன்.

இந்த முறை, இரண்டு விரலைத் தங்கள் கட்சிச் சின்னமாக எடுத்துக்கொண்டு வேறொரு மூலை எழுந்து கோஷம் போட்டது. முதலில் கைதட்டியவர்கள் என்னைத் துரோகி என்றார்கள். தோற்ற அணியின் ஆதரவாளர்கள் நேராக அதிகாரியிடம் போனார்கள். ஆட்ட விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நடத்தை விதிமீறல் என்றுதான் முறையிட்டார்கள்.

அதிகாரி என்னை ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்து விசாரித்தார். வருவாய்த்துறைக்காரர், நிதானமானவர். ஒவ்வொரு சைகையையும் செய்துகாட்டச் சொன்னார். காட்டினேன். வீடியோவையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

“கடைசியில விரல் எந்தப் பக்கம் இருக்கு?”

“கீழ சார். கீழ வந்தாத்தான் புள்ளி.”

அவர் தன் விரல்களால் ஒருமுறை செய்து பார்த்தார். காவலரும் செய்து பார்த்தார்.

“முதல்ல ஒரு கட்சி, அப்புறம் இன்னொரு கட்சி. ரெண்டு பேருக்கும் ஓட்டுக் கேட்டிருக்கீங்க. சமமாப் போச்சு. அதுலயும் ரெண்டாவதைத் தலைகீழாக் காட்டியிருக்கீங்க. யாரும் சின்னத்தைத் தலைகீழாக் காட்டி ஓட்டுக் கேக்க மாட்டாங்க. போங்க.”

கூடைப்பந்து விதிப்படி நான் சொன்ன தீர்ப்பு இப்படித் தேர்தல் விதிப்படி நிலைத்தது. புதுப்பட்டினம் பையன்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். நானும் கிளம்பும்போது வீடியோக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

“சார், இன்னொரு தபா கைய தூக்குங்களேன். ஃப்ரேம்ல பாதி வெரலு கட்டாயிடுச்சி.”

தூக்கினேன்.