மாமனாரின் சபதமும் இரண்டாவது பேட்டரியும்

என் மாமனார் தன் தம்பி வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தார். எடுத்த இடம் குலசாமி கோயில். காரணம், கிடாக்கறி. தம்பிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. கறியில் நம்பிக்கை உண்டு. கிடாவெட்டுக்கு வந்தவர் சாமியைக் கும்பிடாமல் நேராகப் பந்தியில் போய் உட்கார்ந்து, போதாததற்கு நல்லி எலும்பும் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். சோறு வேணாம், தண்ணி வேணாம்" என்று மாமனார் கத்தினார்.

தம்பி அப்போதுதான் மேலூரில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார். "காத்தாவது வாங்கிட்டுப் போங்கண்ணே. புது ஃபேன் மாட்டியிருக்கேன்" என்று எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"உன் வீட்டுக் கரண்டும் வேணாம்டா!"

கரண்டையும் சேர்த்துச் சபதம் எடுத்த மனுஷர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வருஷங்கள் ஓடின. தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்தப் பெண் சின்ன வயதில் என் மாமனார் தோளிலேயே வளர்ந்தவள். "பெரியப்பா தாலி எடுத்துக் குடுக்கலேன்னா நான் மணையில உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். இவருக்கும் போக ஆசை. கல்யாணம் வீட்டு வாசலில், தெருவை அடைத்துப் போட்ட பந்தலில். தெரு பொது இடம், ஆகவே பந்தல் சபதத்துக்குள் வராது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். ஆனால் முதல் நாளே போய் இருக்க வேண்டும். எங்கே தங்குவது? அதிலும் ஃபேன் இல்லாமல் அவரால் கால்மணி நேரம் உட்கார முடியாது. வில்லாபுரத்தில் அவர் எங்களோடு இருக்கும் வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்னைத்தான் திட்டுவார்.

அந்தச் சமயம் நான் புது வேன் ஒன்று வாங்கியிருந்தேன். கோயில் கோயிலாக ஆட்களை ஏற்றிப்போய்ப் பிழைக்கிற திட்டம். தெப்பக்குளத்துக் கரையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வைத்துக் குடித்தனம் நடத்தியதை அதற்கு முந்தி பார்த்திருந்தேன். அவன் எனக்கு இரண்டு பேட்டரிகளைக் காட்டினான். ஒன்றைத் தொட்டு 'ட்ரூம்' என்றான். இன்னொன்றைத் தொட்டு, கன்னத்துக்குக் கை கொடுத்துத் தூங்கிக் காட்டினான். வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எனக்கு இங்கிலீஷ் அம்புட்டுத்தான் தெரியும் என்று அவன் எப்படிக் கண்டுபிடித்தானோ!

"மாமா, உங்களுக்கு நான் வீட்டையே மேலூருக்கு ஓட்டிட்டு வாரேன். சொந்த வீடு, சொந்தக் கரண்டு. போதுமா?" என்றேன்.

மாமனார் முதல்முறையாக என்னைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவு கூத்தும்.

பின் சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டேன். ஒரு குட்டி ஃபேன், ஒரு குட்டி டியூப் லைட். கட்டிலுக்கு அடியில் இரண்டாவது பேட்டரி. வண்டி ஓடினால் சார்ஜ் ஏறும், நின்றால் இது மட்டும் செலவாகும். குடிபோகும் வீட்டுக்குச் சாமி படம் வேண்டாமா? என் மனைவி முருகன் படம் மாட்டி, அதற்கு மேலே ஒரு சிவப்பு பல்பும் போடச் சொன்னாள். வயர் இழுத்த ஆள் சுவிட்ச் எங்கே வைக்க என்று கேட்டதற்கு, "சாமி விளக்குக்கு எதுக்குங்க சுவிட்சு? அணைக்கவா போறோம்?" என்றாள். சரிதானே என்று நானும் தலையாட்டினேன். நேராக பேட்டரியிலேயே கொடுத்தாகிவிட்டது.

இரண்டு நாள் வாசலில் நின்றது வண்டி. மூன்றாம் நாள் மாமனார் ஒத்திகை பார்க்க ஏறிப் படுத்தார். ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டு நின்றது. மாமனாரின் பெருமைப் பார்வையும் அத்தோடு நின்றது.

பேட்டரியைச் சார்ஜுக்குக் கொடுத்து வாங்கினேன். திரும்பவும் அதே கதை. பேட்டரிக் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வேனில் ஏறினார். முருகனைக் கும்பிட்டார். அப்புறம் பேட்டரியில் தண்ணீர் ஊற்றினார், முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டினார், கிரீஸ் தடவினார்.

"எல்லாம் ஆஃபாண்ணே?"

"எல்லாம் ஆஃப்."

வயரைக் கழற்றித் திரும்பத் தொட்டார். பொறி பறந்தது. "எங்கிட்டோ கரண்டைக் குடிக்குதுண்ணே" என்றார்.

ஃபேனைக் கழற்றினோம். பொறி பறந்தது. டியூப் லைட்டைக் கழற்றினோம். பொறி. வேனின் தகரம் வழியாகக் கசியுது என்று பேட்டரிக்கு அடியில் பலகை போட்டோம், பலகைக்கு அடியில் ரப்பர் செருப்பு வைத்தோம். செருப்பு என்னுடையது. பேட்டரியையே மாற்றி வேறு போட்டோம். அதுவும் குடித்தது. கடைக்காரரும் வேலை முடிந்து இறங்கும்போது முருகனைத் தவறாமல் கும்பிட்டார்.

என் மனைவிக்கு வேறு கவலை. பேட்டரி இறங்க இறங்கச் சாமி விளக்கும் மங்கியது. "ஏங்க, சாமி முகமே வாடிப் போச்சு. ஏதோ குறை இருக்கு" என்றாள். எலுமிச்சம்பழம் கட்டினோம். பல்பைப் பெரிதாக மாற்றினோம். அதற்கப்புறம் பேட்டரி இன்னும் சீக்கிரம் படுத்ததால், குறை பெரிய குறைதான் என்று முடிவு செய்து, படத்தைச் சுற்றி ஐந்து கலரில் சீரியல் பல்பு போட்டோம். அதற்கும் சுவிட்ச் இல்லை. நான் பட்டம் வாங்கியவன் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில், ஓடினால் ஏறும் அல்லவா, மேலூர் போகும்போது ஏறிவிடும் என்று கிளம்பிவிட்டோம்.

ஏறத்தான் செய்தது. காலையில் போய்ப் பந்தலை ஒட்டி நிறுத்தியதும் மாமனார் கட்டிலில் சாய்ந்து, வேன் கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களை ராஜா மாதிரி வரவேற்றார். மணப்பெண் ஓடிவந்து காலில் விழுந்தாள். எல்லோரும் வேனைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் இலவசமாக விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் ஃபேன் இறங்க ஆரம்பித்தது. இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. இன்ஜினை ஓடவிட்டேன். புகை நேராகச் சமையல் பந்தலுக்குப் போனது. சமையல்காரர் சாம்பார்க் கரண்டியோடு வந்தார். இன்ஜினை நிறுத்தினேன். ஃபேனும் நின்றது.

"வண்டியைத் திருப்புங்க மாப்ள" என்றார் மாமனார், வேர்வையைத் துடைத்தபடி. வீட்டு வாசலில் அந்தப் பெண் முகத்தில் மஞ்சளோடு வந்து நின்றாள். மணையில் உட்கார மாட்டேன் என்று சொன்னவள் அவள்.

அப்போதுதான் தம்பி, என் சின்ன மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அண்ணன் மூன்றடி தூரத்தில் இருந்தும் என்னிடம்தான் பேசினார்.

"என்னவாம் மாப்ள?"

"பேட்டரி படுத்துருச்சு மாமா."

"எல்லாம் ஆஃபா?"

"எல்லாம் ஆஃப்."

வேனுக்குள் ஏறினார். அவர் கும்பிடவில்லை. கும்பிடக் குனியாத தலை நிமிர்ந்தே இருந்ததாலோ என்னவோ, நேராகப் பார்த்துவிட்டார்.

"அப்ப இது என்னா எரியுது?"

"அது சாமி, மாமா."

"சாமிதேன். எரியுதா இல்லையா?"

நான் பார்த்தேன். என் மனைவி பார்த்தாள். சிவப்பு பல்பும் சீரியல் பல்புகளும் செத்தும் சாகாமல் மினுக்கிக்கொண்டிருந்தன. தினமும் பார்த்து, தினமும் கும்பிட்டு, ஒருவர்கூட அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"இந்தா, பிடுங்கி விட்டுருவோம். ஃபேனுக்கு மிச்சமாகும்" என்று சின்ன மாமனார் கையை நீட்டினார்.

"சாமி மேல கை வச்சா கை இருக்காதுன்னு சொல்லுங்க மாப்ள!" என்று மாமனார் எழுந்தார்.

"நான் வைக்கல, அவரையே அணைக்கச் சொல்லுங்க" என்றார் தம்பி.

மாமனார் உட்கார்ந்துவிட்டார். நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் சாமி விளக்கை அணைப்பது? நானா? எனக்குச் சாமி பயத்தைவிட மனைவி பயம் அதிகம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. "மாமா, உங்க வீட்டுக் கரண்ட் வேணாம்னு சொன்னது இவருதானே? முருகன் ஒண்ணும் சொல்லலையே?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் யோசித்தார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சாமிக்குன்னா நான் குறுக்க நிக்க முடியாதுன்னு சொல்லுங்க" என்றார் மாமனார்.

"நான் பல்புக்குத்தேன் குடுக்குறேன், படத்துக்கு இல்லைன்னு அவர்ட்டச் சொல்லிருங்க" என்றார் தம்பி.

கல்யாணத்துக்கு வந்திருந்த மைக் செட்டுக்காரரிடம் பேட்டரி சார்ஜர் இருந்தது. வீட்டு ஜன்னல் வழியாக வயர் வந்தது. சார்ஜரின் இரண்டு கவ்விகளையும் பேட்டரியில் மாட்டியதும் முருகன் பளிச்சென்று ஆனார். கூடவே ஃபேனும் சுற்ற ஆரம்பித்தது.

மாமனார் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்குப் படைச்சது போக மிச்சம் பிரசாதந்தேன மாப்ள?"

"வேறென்ன மாமா!"

அவர் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் அவர்தான் தாலி எடுத்துக் கொடுத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையில் வண்டியைக் கிளப்பினேன். பின்னால் 'படார்' என்று ஒரு சத்தம். சார்ஜரைக் கழற்ற மறந்துபோயிருந்தேன். ஜன்னலுக்கு உள்ளே சொருகியிருந்த பிளக்கைப் பிடுங்கிக்கொண்டு, மைக் செட்டுக்காரர் கத்த, சின்ன மாமனார் வீட்டு வயர் வேனுக்குப் பின்னால் தெருவெல்லாம் இழுபட்டு வந்தது.

மாமனார் இறங்கினார். வயரைச் சுருட்டினார்.

"குடுங்க மாமா, நான் போய்க் குடுத்துட்டு வாரேன்."

"நீங்க கிழிச்சது போதும். அவன் வீட்டுப் பொருள் ஒரு துண்டுகூட நமக்கு வேணாம்னு சபதம். நானே குடுக்குறேன்."

வயரைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். வாசப்படியில் ஒரு நொடி நின்றார். உள்ளேயிருந்து சின்ன மாமனாரின் குரல் கேட்டது. இந்தமுறை 'சொல்லுங்க மாப்ள' இல்லை.

"ஃபேன் ஓடுதுண்ணே. வாங்க."

அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. நான் வேனில் முருகனோடு காத்திருந்தேன். என் தலைக்கு மேலே ஃபேன் மெதுவாக, இன்னும் மெதுவாக, நின்றது.